அரியானா ஹஃபிங்டன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையச் செய்தி ஊடகங்களின் வரலாற்றைப் பற்றி இதழியல் மாணவர்களிடமும் இளம் செய்தியாளர்களிடமும் பேசும்போதெல்லாம், ஹஃபிங்டன் போஸ்ட்டின் நிறுவனரைப் பற்றி ஏறத்தாழ ஒரே ஐயங்களே எழுகின்றன. தன்னந்தனியாக ஓர் ஊடகப் பேரரசைக் கட்டியவர் என்று சிலர் கொண்டாடுகிறார்கள்; ஊரார் உழைப்பில் பணம் பண்ணியவர் என்று வேறு சிலர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்து, தெரிந்தவரை நேர்மையாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

யார் இந்த அரியானா ஹஃபிங்டன்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கிரேக்கத்தில் பிறந்து, இங்கிலாந்தில் படித்து, அமெரிக்காவில் குடியேறி, 2005 மே மாதம் ‘ஹஃபிங்டன் போஸ்ட்’ என்ற இணையச் செய்தித்தளத்தை வேறு மூவருடன் சேர்ந்து தொடங்கியவர். 2011இல் ஏஓஎல் என்ற இணையச் சேவை நிறுவனம் அதை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. 2016 வரை தலைமை ஆசிரியராக இருந்துவிட்டு, ‘த்ரைவ் குளோபல்’ என்ற வேறொரு நிறுவனத்தைத் தொடங்குவதற்காக அங்கிருந்து விலகினார்.

பெயரைப் பார்த்தால் ஆங்கிலேயர் போல இருக்கிறதே?

ஹஃபிங்டன் என்பது கணவர் வழியில் வந்த குடும்பப் பெயர். 1950 ஜூலை 15 அன்று ஏதென்ஸில் பிறந்தபோது அவர் அரியாத்னி-அன்னா ஸ்டாசினோபூலு. திருமணத்துக்கு முன் வெளிவந்த புத்தகங்களில் அரியானா ஸ்டாசினோபூலோஸ் என்ற பெயரே இருக்கும். மணமுறிவுக்குப் பிறகும் கணவரின் பெயரைத் தக்கவைத்துக்கொண்டார்; அந்தப் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயருமாயிற்று. 1990இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

வசதியான வீட்டுப் பிள்ளையா, கஷ்டப்பட்டு வந்தவரா?

இரண்டு பெட்டிக்குள்ளும் முழுதாக அடங்காதவர். தந்தை கான்ஸ்டான்டினோஸ் ஒரு பத்திரிகையாளர். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் கிரேக்கத்தை ஆக்கிரமித்திருந்தபோது எதிர்ப்பியக்கப் பத்திரிகை ஒன்றை நடத்தியதற்காக வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர். போருக்குப் பின் அவர் தொடங்கிய பத்திரிகைகள் எதுவும் நிலைக்கவில்லை. பெற்றோர் பிரிந்தபின் தாய் எல்லி, அரியானாவையும் தங்கை அகாப்பியையும் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் வளர்த்தார். படிப்பும் பேச்சும் நிறைந்த வீடு. ஆனால் கையில் பணம் இல்லை.

ஒரு பத்திரிகையில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் படத்தைப் பார்த்த சிறுமி அங்கே படிக்க வேண்டும் என்று சொன்னதாகவும், சுற்றியிருந்தவர்கள் சிரித்தபோது தாய் மட்டும் அதைக் காரியமாக எடுத்துக்கொண்டு, மலிவான பயணச்சீட்டு வாங்கி மகளை அந்த ஊருக்கே அழைத்துப் போய்க் காட்டியதாகவும் அரியானா பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பயணத்தில் யாரையும் சந்திக்கவில்லை, எந்த நேர்காணலும் இல்லை. மழையில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பின்னர் அங்கேயே கர்ட்டன் கல்லூரியில் இடம் கிடைத்துப் பொருளியல் படித்தார்.

கேம்பிரிட்ஜில் அப்படி என்ன செய்தார்?

அங்குள்ள மாணவர் விவாத மன்றமான கேம்பிரிட்ஜ் யூனியனுக்கு 1971இல் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த மூன்றாவது பெண் அவர். வெளிநாட்டில் பிறந்து அங்கு தலைமைக்கு வந்த முதல் பெண்ணும் அவரே. பிரிட்டிஷ் அரசியல்வாதிகள் பலர் பேசிப் பழகிய மேடை அது. கிரேக்க உச்சரிப்பு மாறாத ஒரு மாணவி அங்கே தலைவரானதைச் செய்தித்தாள்கள் கவனித்தன; தொலைக்காட்சி அழைப்புகளும் புத்தக ஒப்பந்தமும் அதைத் தொடர்ந்தன. முதல் புத்தகம், ஜெர்மேன் கிரீயர் போன்றவர்களின் பெண்விடுதலைக் கருத்துகளை மறுத்து 1973இல் வெளிவந்தது. பின்னாளில் பெண்களின் வெற்றியைப் பற்றி இவ்வளவு பேசியவர் தொடங்கிய இடம் அதுவா என்று வியப்பவர்கள் உண்டு, அது அப்படித்தான்.

இரண்டாவது புத்தகத்தை வாங்க ஆளில்லை. அரசியல் தலைமை பற்றிய அந்தக் கையெழுத்துப்படியை 36 பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. முதல் புத்தகத்தின் பணம் தீர்ந்துபோக, லண்டனில் ஒரு வங்கிக் கிளைக்குள் நுழைந்து மேலாளரிடம் கடன் கேட்டு வாங்கி, எழுதி முடித்ததாக அவர் சொல்வார். அடமானம் வைக்க எதுவும் இல்லாத ஒரு வெளிநாட்டுப் பெண் அந்த மேலாளரைப் பேச்சால் சம்மதிக்க வைத்தார் என்பதைக் கவனியுங்கள். பின்னால் வரும் பல கேள்விகளுக்கு இதுவே அடிப்படை. கேம்பிரிட்ஜில் சேருமுன்பே சாந்திநிகேதனின் விஸ்வபாரதியில் ஒப்பியல் சமயக் கல்வியும் பயின்றிருந்தார்.

இங்கிலாந்திலேயே பெயர் கிடைத்தபின் எதற்கு அமெரிக்கா?

‘தி டைம்ஸ்’ நாளிதழின் புகழ்பெற்ற பத்தி எழுத்தாளர் பெர்னார்ட் லெவினுடன் அவருக்கு நெடுங்கால உறவு இருந்தது. எழுத்தில் தமக்கு ஆசான் அவரே என்று அரியானா எழுதியிருக்கிறார். லெவினுக்குத் திருமணத்திலும் குழந்தைகளிலும் விருப்பமில்லை. அரியானாவுக்கு இரண்டிலும் விருப்பம். முப்பது வயதில், 1980இல், நியூயார்க்கிற்குப் புறப்பட்டுவிட்டார்.

பணக்காரக் கணவர் கிடைத்ததால்தானே இவ்வளவும் முடிந்தது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிடுகிறார்கள். 1986இல் எண்ணெய்த் தொழில் குடும்பத்தைச் சேர்ந்த மைக்கேல் ஹஃபிங்டனை மணந்தார் என்பது உண்மை. மைக்கேல் 1992இல் அமெரிக்க மக்களவைக்குத் தேர்வானார். 1994இல் கலிபோர்னியாவின் செனட் இடத்துக்குச் சொந்தப் பணத்தில் ஏறத்தாழ 2.8 கோடி டாலர் செலவழித்துப் போட்டியிட்டு, டயான் ஃபைன்ஸ்டைனிடம் சொற்ப வித்தியாசத்தில் தோற்றார். 1997இல் இருவரும் மணமுறிவு பெற்றனர். இரண்டு மகள்கள்.

அந்தத் திருமணம் அவருக்கு வசதியையும், வாஷிங்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் பரந்த அறிமுகங்களையும் கொடுத்தது. அதை மறைத்து அவர் கதையைச் சொல்வது பொய். ஆனால் ஹஃபிங்டன் போஸ்ட் மணமுறிவுக்கு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு தொடங்கப்பட்டது. அதை வளர்த்த முதலீட்டின் பெரும்பகுதி வெளியாரிடமிருந்து வந்தது. 2006இல் சாஃப்ட்பேங்க் 50 லட்சம் டாலரும், 2008 இறுதியில் ஓக் இன்வெஸ்ட்மென்ட் பார்ட்னர்ஸ் 2.5 கோடி டாலரும் போட்டன. பணமுள்ள கணவர்கள் இருந்த பெண்கள் அமெரிக்காவில் ஏராளம். அவர்களில் எத்தனை பேர் விருந்துக்கு வந்தவர்களைக் கொண்டு ஒரு செய்தி நிறுவனத்தைக் கட்டினார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் வலதுசாரி, பிறகு இடதுசாரி. இவரை எப்படி நம்புவது?

1990களில் குடியரசுக் கட்சிக்கு ஆதரவான பத்தி எழுத்தாளராக அறியப்பட்டார். அந்தப் பத்தாண்டின் முடிவில் வறுமை, பெருநிறுவனங்களின் செல்வாக்கு ஆகியவற்றைப் பற்றி அவர் எழுதத் தொடங்கியபோது பழைய நண்பர்கள் முகம் சுளித்தார்கள். 2003இல் கலிபோர்னிய ஆளுநரைத் திரும்பப் பெறும் தேர்தலில் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகருக்கு எதிராகச் சுயேச்சையாக நின்று, வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு விலகினார். விலகியும் வாக்குச்சீட்டில் பெயர் இருந்தது. ஒரு விழுக்காடுகூடத் தேறவில்லை.

சந்தர்ப்பவாதம் என்பார்கள் சிலர். மனமாற்றம் என்பார் அவர். அவர் மனதுக்குள் புகுந்து பார்க்க நம்மால் ஆகாது. தொழில் என்ற கோணத்தில் பார்த்தால், இரண்டு முகாம்களிலும் தொலைபேசி எண்கள் இருந்தது அவருக்குப் பெரும் முதலாயிற்று.

ஹஃபிங்டன் போஸ்ட் அவருடைய சொந்த யோசனையா?

அவர் ஒருவருடையது அன்று. 2004 நவம்பரில் ஜான் கெர்ரி அதிபர் தேர்தலில் தோற்றபின், டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் அரியானாவின் வீட்டில் ஒரு கூட்டம் நடந்தது. வலதுசாரிகளுக்கு ‘டிரட்ஜ் ரிப்போர்ட்’ என்ற செல்வாக்குள்ள தளம் இருக்கிறது, எதிர்த்தரப்புக்கு அப்படி ஒன்று இல்லையே என்பதே பேச்சு. ஏஓஎல்லில் உயர் பொறுப்பு வகித்திருந்த கென்னத் லேரர் வணிகத்தைப் பார்த்துக்கொண்டார். இணையத்தில் ஒரு செய்தி எப்படித் தொற்றிப் பரவுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்த ஜோனா பெரெட்டி தொழில்நுட்பத்தைப் பார்த்துக்கொண்டார். நான்காமவர் ஆண்ட்ரூ பிரைட்பார்ட். முன்பு அரியானாவுக்கு ஆய்வு உதவியாளராகவும், டிரட்ஜுக்காகவும் வேலை செய்தவர். சில மாதங்களிலேயே விலகி, பின்னாளில் தம் பெயரிலேயே கடும் வலதுசாரித் தளத்தைத் தொடங்கினார். அந்தக் கூட்டத்தில் இருந்த அரசியல் ஆலோசகர்கள் இருவர், யோசனையே தங்களுடையது என்று 2010இல் வழக்குத் தொடுத்தார்கள். அது பின்னர் சமரசத்தில் முடிந்தது.

அரியானாவின் பங்கு ஆட்களைச் சேர்ப்பது. நாடகக் கலைஞர்கள், அரசியல்வாதிகள், பேராசிரியர்கள் என்று நூற்றுக்கணக்கானவர்களை அவரே அழைத்துப் பேசி எழுத வைத்தார். ஜான் எஃப். கென்னடியின் ஆலோசகராக இருந்த முதுபெரும் வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்கு வலைப்பூ என்றால் என்னவென்றே தெரியாது, கணினியும் பழக்கமில்லை. தொலைநகலில் எழுதி அனுப்பினால் போதும், தட்டச்சு செய்து ஏற்றிக்கொள்கிறோம் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்ததை அரியானா சுவையாக விவரிப்பார். கேட்கப்படுபவருக்கு எந்தச் சிரமமும் இல்லாதபடி கேட்பது அவருடைய தனித்திறமை. வங்கி மேலாளரை வென்றதும் அதே திறமைதான்.

வலைப்பூக்களின் தொகுப்புதானே அது? புதுமை எங்கே?

பிரபலங்களின் பத்திகள் முகப்பு மட்டுமே. வாசகரைக் கொண்டுவந்த இயந்திரம் உள்ளே இருந்தது. ஒரே செய்திக்கு இரண்டு தலைப்புகளை எழுதுவார்கள். முதல் சில நிமிடங்களுக்குப் பாதி வாசகர்களுக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றொன்றும் தெரியும். எதை அதிகம் பேர் சொடுக்குகிறார்களோ அது எல்லோருக்குமான தலைப்பாகிவிடும். ஆசிரியரின் உள்ளுணர்வை மட்டும் நம்பித் தலைப்பிட்ட காலத்தில் இது பெரிய மாற்றம். இன்று எல்லாச் செய்தித்தளங்களும் செய்வதால் அதன் புதுமை நமக்கு உறைப்பதில்லை.

இன்னொன்று தேடுபொறி. மக்கள் கூகுளில் எதைத் தட்டுகிறார்கள் என்பதைப் பார்த்து அதற்கேற்பச் செய்தி எழுதினார்கள். 2011 பிப்ரவரியில், அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு செய்தி போட்டார்கள். உள்ளே இருந்த தகவல் ஒரே வரி. அதையே வெவ்வேறு சொற்களில் திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார்கள். வாசகர் கூட்டம் அலைமோதியது. இதழியல் ஆசிரியர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள், பிறகு எல்லாப் பத்திரிகைகளும் அதையே செய்தன. வேடிக்கை என்னவென்றால், ஏஓஎல்லுக்கு நிறுவனத்தை விற்கும் ஒப்பந்தத்தில் அரியானா கையெழுத்திட்டதும் அதே போட்டி நடந்த அன்று, அதே இடத்தில்தான்.

மற்ற பத்திரிகைகளின் செய்திகளை எடுத்துப் போட்டுப் பிழைத்தார்கள் என்பது உண்மையா?

பெருமளவு உண்மை. வேறொரு பத்திரிகை உழைத்துக் கொண்டுவந்த செய்தியைச் சுருக்கி, சுண்டியிழுக்கும் தலைப்பிட்டு, அடியில் மூலத்துக்கு ஓர் இணைப்பு கொடுப்பது அவர்களின் அன்றாட வேலை. 2011இல் நியூயார்க் டைம்ஸின் அன்றைய ஆசிரியர் பில் கெல்லர் இதைச் சோமாலியக் கடற்கொள்ளைக்கு ஒப்பிட்டு எழுத, அரியானா சூடாகப் பதில் எழுதினார். தங்கள் இணைப்புகளால் மூலப் பத்திரிகைகளுக்கு வாசகர்கள் கிடைக்கிறார்கள் என்பது அவர் தரப்பு வாதம். அதே ஆண்டு, விளம்பரத் துறை இதழ் ஒன்றின் கட்டுரையை அளவுக்கு மீறிச் சுருட்டியதற்காகத் தம் எழுத்தாளர் ஒருவரைத் தளமே இடைநீக்கம் செய்ய நேர்ந்தது.

அதோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வந்த பணத்தில் செய்தியாளர்களை வேலைக்கு எடுத்தார்கள். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கடுங்காயமுற்ற அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றி டேவிட் வுட் எழுதிய பத்துப் பகுதித் தொடருக்கு 2012இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. விளம்பரத்துக்காகத் தேடுபொறியை வளைத்த அதே அலுவலகத்திலிருந்துதான் அதுவும் வந்தது.

எழுதியவர்களுக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லையாமே?

சம்பளத்தில் இருந்த செய்தியாளர்கள், ஆசிரியர்கள் ஒரு புறம். ஊதியமின்றி எழுதிய ஆயிரக்கணக்கான பதிவர்கள் மறு புறம். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பதிவர்களுக்குப் பணம் தரப்படவில்லை. தருவதாகச் சொல்லப்படவும் இல்லை. வாசகர் கவனமே அவர்களுக்குக் கிடைக்கும் கைம்மாறு என்பது ஏற்பாடு. தளம் நட்டத்தில் ஓடிய நாட்களில் யாரும் பெரிதாகக் குறை சொல்லவில்லை. 31.5 கோடி என்ற எண் வெளிவந்ததும், அதில் எங்கள் பங்கு எங்கே என்ற கேள்வி வெடித்தது. செய்தித்தாள் ஊழியர் சங்கம் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது.

2011 ஏப்ரலில் ஜோனதன் டாசினி என்பவர் பதிவர்கள் அனைவர் சார்பிலும் 10.5 கோடி டாலர், அதாவது விற்பனைத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, கேட்டு வழக்குத் தொடுத்தார். அவர் சாதாரண ஆள் அல்லர்: தனிநிலை எழுத்தாளர்களின் கட்டுரைகளை அனுமதியின்றி மின்தரவுத்தளங்களில் விற்றதற்கு எதிராக நியூயார்க் டைம்ஸுடன் உச்சநீதிமன்றம் வரை சென்று 2001இல் வென்றவர். இம்முறை தோற்றார். பணம் இல்லை என்று தெரிந்தே எழுதினீர்கள், ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றக் கேட்க முடியாது என்ற பொருளில் 2012 மார்ச்சில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று.

சட்டப்படி நிறுவனத்தின் பக்கம் பிழையில்லை. நியாயப்படி பார்த்தால், என் கருத்தில், விற்பனைக்குப் பின் நெடுநாள் எழுதியவர்களுக்கு ஒரு சிறு பங்கையாவது தாமாக முன்வந்து ஒதுக்கியிருக்கலாம். அதனால் அவர்கள் ஏழையாகியிருக்க மாட்டார்கள். அந்த இலவசப் பதிவர் தளத்தை, அரியானா விலகியபின், 2018 ஜனவரியில் நிறுவனமே மூடிவிட்டது. பொய்ச் செய்திகளின் காலத்தில் கட்டுப்பாடற்ற மேடை ஆபத்து என்பது அவர்கள் கூறிய காரணங்களில் ஒன்று.

புத்தகங்களில் காப்பியடித்தார் என்று படித்தேன். அது என்ன விவகாரம்?

ஓபரா பாடகி மரியா காலாஸின் வாழ்க்கை வரலாறு அவருக்குப் பெரும் விற்பனையைத் தந்த புத்தகம். அதில் தம் எழுத்து எடுத்தாளப்பட்டிருப்பதாகக் காலாஸைப் பற்றி முன்பே எழுதிய ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் குற்றம் சாட்டினார். 1981இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்த்துக்கொள்ளப்பட்டது. பிக்காசோ பற்றிய 1988ஆம் ஆண்டுப் புத்தகத்தின் மீதும் ஒரு கலை வரலாற்றாசிரியர் அத்தகைய மனக்குறையைத் தெரிவித்தார், ஆனால் வழக்குத் தொடுக்கவில்லை.

உச்சரிப்பைக் கேலி செய்தார்களாமே, அதனால் பாதிக்கப்பட்டாரா?

கேலி இருந்தது, அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ‘தி கிளீவ்லேண்ட் ஷோ’ என்ற கேலிச்சித்திரத் தொடரில் அரியானா என்ற பெண் கரடிக்கு அவரே அந்த உச்சரிப்போடு குரல் கொடுத்தார்.

அலுவலகத்தில் மயங்கி விழுந்த பிறகு தூக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் என்கிறார்களே?

விழுந்தது 2007 ஏப்ரலில், வீட்டிலிருந்தபடி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது. தளம் தொடங்கி இரண்டாண்டு. கன்ன எலும்பு முறிந்து, ரத்தத்தில் கிடந்த நிலையில் கண் விழித்தார். மருத்துவர்கள் பல சோதனைகளுக்குப் பின் சொன்ன காரணம் ஓய்வின்மை. அதன்பின் நியூயார்க் அலுவலகத்தில் குட்டித் தூக்கத்துக்கென அறைகள் அமைத்தார். 2014இலும் 2016இலும் இதைப் பற்றிப் புத்தகங்கள் எழுதினார். இன்றைய அவருடைய தொழிலே இதிலிருந்து முளைத்தது.

இந்தியப் பதிப்பு ஒன்று இருந்ததே, அது ஏன் நின்றது?

2014 டிசம்பரில் டைம்ஸ் குழுமத்துடன் கூட்டாக ஆங்கிலத்தில் தொடங்கப்பட்டது. தேர்தல் பத்திரங்களைப் பற்றி 2019 நவம்பரில் ஆவணச் சான்றுகளோடு அது வெளியிட்ட கட்டுரைத் தொடர், அந்தத் திட்டத்தைப் பற்றிய பொது விவாதத்தையே மாற்றியது. தாய்த்தளத்தின் சாயல் அதில் துளியும் இல்லை. 2020 நவம்பரில் பஸ்ஃபீட் நிறுவனம், அதற்குள் ‘ஹஃப்போஸ்ட்’ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டிருந்த தாய்த்தளத்தை வாங்குவதாக அறிவித்தது. இணையச் செய்தி நிறுவனங்களில் அந்நிய முதலீடு 26 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற இந்திய விதியால் இந்தியப் பதிப்பை அவர்களால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. அதே மாதத்தில் அது மூடப்பட்டது. வாங்கிய பஸ்ஃபீட்டை நிறுவியவர் வேறு யாருமல்லர், மேலே நாம் பார்த்த ஜோனா பெரெட்டி.

ஏன் விலகினார்? விலக்கப்பட்டாரா?

2015இல் வெரைசன் நிறுவனம் ஏஓஎல்லை 440 கோடி டாலருக்கு வாங்கியது. ஹஃபிங்டன் போஸ்ட் ஒரு பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஓர் ஓரத்துக்குப் போனது. 2016 ஆகஸ்டில் அவர் விலகலை அறிவித்தார். ஹஃபிங்டன் போஸ்ட்டையும் த்ரைவ் குளோபலையும் ஒருசேர நடத்த முடியும் என்று முதலில் நினைத்ததாகவும், முடியாது என்று பிறகு தெரிந்ததாகவும் விளக்கினார். மறு ஆண்டு தளம் பெயரை ‘ஹஃப்போஸ்ட்’ என்று சுருக்கிக்கொண்டது. த்ரைவ் குளோபல், ஊழியர்களின் மனஉளைச்சலைக் குறைப்பதற்கான பயிற்சிகளையும் செயலியையும் பெருநிறுவனங்களுக்கு விற்கிறது. 2021இல் 8 கோடி டாலர் முதலீடு திரட்டியபோது அதன் மதிப்பு 70 கோடி டாலர் எனக் கணிக்கப்பட்டது.

ஓய்வைப் போதிப்பவர் ஊபரின் இயக்குநர் குழுவில் எப்படி இருந்தார்?

நல்ல கேள்வி, இதற்கு அவர் தந்த பதில்கள் எனக்கு முழு நிறைவு தரவில்லை. 2016இல் குழுவில் சேர்ந்தார். 2017 தொடக்கத்தில் முன்னாள் பொறியாளர் சூசன் ஃபௌலர் அங்கு நிலவிய பாலியல் தொல்லைகளைப் பற்றி எழுதியபோது, நிறுவனத்தின் முகமாக முன்வந்து பேசியவர்களில் அரியானாவும் ஒருவர். தலைமை அதிகாரி டிராவிஸ் கலானிக்குக்கு நெருக்கமானவர் என்பதால் விமர்சனம் எழுந்தது. கலானிக் அந்த ஜூனில் பதவி விலகினார். அரியானா 2019 வரை நீடித்தார். ஆட்களைச் சேர்ப்பதில் வல்லவரான ஒருவர், சேர்த்த ஆட்களைக் கைவிடத் தயங்குவார் என்பது என் ஊகம். வேலைக் கலாசாரத்தைச் சீர்திருத்துவதே தொழில் என்று அறிவித்துவிட்டவருக்கு அந்தத் தயக்கம் பொருந்தவில்லை.

ஒரு தமிழ் இணையதளம் என்னை இலவசமாக எழுதக் கேட்கிறது. ஹஃபிங்டன் போஸ்ட்டே அப்படித்தான் வளர்ந்தது என்கிறார்கள். எழுதலாமா?

ஊதியம் பற்றிய பதிலை ஒருமுறை மீண்டும் படியுங்கள். அங்கே எழுதியவர்களுள் பலர் வேறு வருமானம் உள்ளவர்கள். நடிகருக்கும் பேராசிரியருக்கும் கிடைத்த விளம்பரமே போதுமானதாக இருந்தது. எழுத்தே பிழைப்பாக இருந்தவர்கள்தாம் பின்னர் வருந்தினார்கள். நீங்கள் இவற்றுள் எந்தப் பக்கம் என்பதை முதலில் பாருங்கள்.

எழுதுவதென்று முடிவெடுத்தால் சிலவற்றை முன்கூட்டியே கேளுங்கள். பதிப்புரிமை யாரிடம் இருக்கும், அதே கட்டுரையை நூலாகவோ வேறு இடத்திலோ வெளியிட முடியுமா, உங்கள் பிரதியைத் திருத்தித்தர ஆசிரியர் ஒருவர் உண்டா, தளம் மூடப்பட்டால் கட்டுரைகள் என்னவாகும், தளம் விற்கப்பட்டால் எழுதியவர்களுக்கு ஏதேனும் உண்டா. கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். டாசினியின் வழக்கில் நீதிபதி பார்த்தது தொடக்கத்தில் என்ன பேசப்பட்டது என்பதை மட்டுமே. ஆகவே சிரித்தாலும் கேட்டு, வரும் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.